பாட்டன் வீடு ஏன் கொதிக்கிறது? சேலத்துப் பழைய வீட்டுக்கு அறிகுறி பார்த்து ஒரு வைத்தியம்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா வாழ்ந்த வீடு திண்ணை, ஆளோடி, முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகும். முன்பாதி மரவிட்டத்தின் மேல் தளம் போட்ட மச்சு, பின்பாதி ஓடு. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அதில் குடியேறிய முதல் சித்திரையில், பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: "ஏசியப் போட்டுருங்க." போட்டேன், இரண்டு. அறையும் குளிரவில்லை, பில்லும் கட்டி மாளவில்லை. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, மட்டும் திண்ணையில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்தபடி, "முத்தத்த மூடுனன்னிக்கே சொன்னேன்" என்றார். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அதன் பிறகு மூன்று வருடம், கையில் காசு சேர்ந்தபோதெல்லாம், கோளாறு கோளாறாகத் தோண்டிப் பார்த்தேன். பத்தில் எட்டு, தாத்தாவுக்குப் பிறகு நாங்கள் "ரிப்பேர்" என்ற பெயரில் செய்து வைத்தவை. அதனால் கீழே உள்ள எதைச் செய்தாலும் இந்த வரிசையில் செய்யுங்கள்: அடைத்ததைத் திறப்பது, ஈரத்தை நிறுத்துவது, நிழல் போடுவது, கடைசியாகத்தான் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது. நான் தலைகீழாகப் போனவன்.

உங்கள் வீட்டில் எது தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் சுவரில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்றால், மீட்டர் பகுதியை முதலில் படியுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

"பகலில் பரவாயில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மச்சு அறை கொதிக்குது"

இது மச்சு வீட்டுக்கே உரிய நோய். வெயில் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் மெதுவாக நடந்து வருகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டவே ஆறேழு மணி நேரம் எடுக்கும். ஒன்றரை அடிச் சுவரென்றால் இன்னும் அதிகம். மதியம் ஏறிய சூடு நீங்கள் பாய் விரிக்கும் நேரத்துக்குச் சரியாக உள்ளே வந்து சேர்கிறது. தாத்தா காலத்திலும் வந்தது. ஆனால் அவர்கள் அந்த நேரத்தில் மாடியில் படுத்தார்கள். கீழே ஜன்னலும் வெண்டிலேட்டரும் விடிய விடியத் திறந்திருந்தன.

முதலில் மொட்டை மாடிக்குப் போய்க் காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய மச்சு என்பது தேக்கு விட்டம், அதன் மேல் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்த தளம், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. இந்த அமைப்பு அப்படியே இருந்தால் பாதிக் கவலை இல்லை. எங்கள் வீட்டில் தட்டோட்டின் மேல் இரண்டு அங்குல சிமெண்டுத் தளம், அதன் மேல் ஒழுகாமலிருக்க அடித்த தார் பூச்சு. சேலத்து வெயிலில் கறுப்புத் தாரைப் பூசியவரை என்ன சொல்வது? அவர் என் பெரியப்பா. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது, விலை குறைந்ததிலிருந்து:

மாடியை வெள்ளையாக்குங்கள். நல்ல நீற்றுச் சுண்ணாம்பை மூன்று முறை அடியுங்கள். பிடிப்புக்கு அரிசிக் கஞ்சியும் கொஞ்சம் உப்பும் கலப்பது பழைய வழக்கம். மழை ஒரு வருடத்தில் கரைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் போகிக்கு வீட்டுச் சுவருக்கு எப்படியும் வெள்ளையடிக்கிறோம், அதே ஆளை அதே நாளில் மாடிக்கும் ஏற்றிவிட்டால் மாசி, பங்குனி, சித்திரை மூன்றுக்கும் மாடி பளிச்சென்று இருக்கும். நமக்குத் தேவை அந்த மாதங்கள்தான். கடையில் விற்கும் வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயிண்ட் இன்னும் சில வருடம் நிற்கும். ஆனால் ரப்பர் மாதிரி படலம் போடும் வகையைப் பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் நேரடியாக அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் மேலே போக வழியில்லாமல் விட்டத்துக்கு இறங்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாமாங்கம் பக்கத்துச் சுண்ணாம்புக் கரட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருலயே சுண்ணாம்பு கெடக்கே" என்று ஒருவர் யோசனை சொன்னார். அங்கே கிடப்பது மாக்னசைட், உலைக்களத்துச் செங்கல் செய்யப் போவது. வெள்ளைக்காரன் அதைச் சாக் மலை என்று எழுதி வைத்ததும், நாம் சுண்ணாம்பு என்று கூப்பிட்டதும் நிறத்தைப் பார்த்துத்தான். சுண்ணாம்புக் கல் வேண்டுமென்றால் அது சங்ககிரிப் பக்கம்.

அடுத்தது, சிமெண்டுத் தளத்தைப் பெயர்ப்பது. இதற்குத் துணிவும் பணமும் வேண்டும். அதைவிடச் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி வேண்டும். எங்களுக்கு அம்மாப்பேட்டையில் ஒருவர் கிடைத்தார், எழுபதைத் தாண்டியவர். வந்ததும் தளத்தைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது மேல போட்டது போர்வ இல்ல, பிளாஸ்டிக் பை" என்றார். சிமெண்டை உடைத்து, பழைய ஜல்லித் தளத்தில் வெடித்த இடத்தை மட்டும் புதிதாக அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் தட்டி, மேலே தட்டோடு பதித்தார். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரமாவது நீற்றி ஊறப்போட வேண்டும் என்பதில் அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. நாள் கணக்கைப் பார்த்து நான்தான் பல்லைக் கடித்தேன்.

வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை: உள்ளே ஏணி போட்டு, ஒவ்வொரு விட்டமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஆணியால் குத்துங்கள். மரம் எதிர்க்க வேண்டும். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால், அல்லது தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால், மேலே யாரையும் ஏற்றாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, ஒழுகும் இடம் தெரிய மாடியில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது கான்கிரீட் வீட்டு வழக்கம். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. நூறு வருட விட்டத்துக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். ஈரச் சாக்கைப் பகுதி பகுதியாகப் போட்டு, கீழே ஆள் வைத்துப் பார்த்தாலே போதும்.

காசே இல்லையென்றால், மாடியில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையை நாலடி உயரத்தில் பந்தல் மாதிரி கட்டுங்கள். வலைக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓடட்டும். ராத்திரி கீழே எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, காலை எட்டு மணிக்குள் மூடிவிடுங்கள். என் இரண்டு ஏசி சாதிக்காததை இந்த இரண்டும் சாதித்தன.

"முத்தத்தை மூடினோம், வீடே அடுப்பாயிடுச்சு"

எல்லாரும் மூடுகிறார்கள். குரங்கு, திருட்டு, மழைச் சாரல், மேலிருந்து விழும் குப்பை எல்லாம் நியாயமான காரணம்தான். தப்பு மூடியதில் இல்லை, மூடிய விதத்தில். முற்றத்தின் வாயிலேயே, ஓட்டு விளிம்போடு ஒட்டி, நீலமோ வெள்ளையோ பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு ஓரமெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறோம். வெயில் உள்ளே வருகிறது, சூடான காற்று வெளியே போக முடியவில்லை. முற்றம் என்பது வீட்டின் மூக்கு. சூடான காற்று அதன் வழியே எழும்பிப் போனால்தான் தெருப்பக்கத்திலிருந்தும் கொல்லைப்பக்கத்திலிருந்தும் புதுக் காற்று இழுபட்டு வரும்.

சோதனை எளிது. மதியம் இரண்டு மணிக்கு ஆளோடியில் ஊதுபத்தி கொளுத்தி வையுங்கள். புகை முற்றத்தை நோக்கிச் சாய்ந்து மேலே போனால் நல்லது. நேராக நின்று தாழ்வாரத்தில் சுருண்டால் மூக்கு அடைபட்டிருக்கிறது.

சரிசெய்வது: ஷீட்டைக் கழற்ற மனமில்லையென்றால் உயர்த்துங்கள். நாலு மூலையிலும் இரும்புக் கால் கொடுத்து, ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டடி மேலே தூக்கி, நாலு பக்கமும் அந்த இரண்டடியைத் திறந்து விடுங்கள். கொசு, பறவை, குரங்கு மூன்றுக்குமாகக் கம்பி வலை. ஷீட் முற்றத்தைவிட ஒன்றரையடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஐப்பசிச் சாரலும் அவ்வளவாக உள்ளே வராது. ஷீட்டின் மேல் கோடையில் மட்டும் பச்சை வலை போடலாம். வீட்டுக்கு மொத்தமாக ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். எங்களுக்கு வெல்டிங் பட்டறை ஆள் இருவர், இரண்டு நாளில் முடித்தார்கள். ஆயா அன்று சாயங்காலம் திண்ணையை விட்டு எழுந்து வந்து, முற்றத்து ஓரமாகக் கட்டிலைப் போடச் சொன்னார். பாராட்டெல்லாம் இல்லை. "இப்பவாவது" என்றார், அவ்வளவுதான்.

"ஃபேன் சுத்துது, ஆனா அனல் காத்து"

பழைய வீட்டில் உத்தரம் பன்னிரண்டு, பதின்மூன்றடி உயரத்தில் இருக்கும். கடையில் கொடுத்த குட்டைக் குழாயிலேயே ஃபேனை மாட்டிவிட்டால், அது சூடான மேல்காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும், நம் மேல் வீசாது. நீளக் குழாய் தனியாகக் கிடைக்கும். இறக்கை தரையிலிருந்து எட்டு, எட்டரையடியில் சுற்ற வேண்டும்.

ஃபேனை மாற்றுவதாக இருந்தால் கணக்கு இது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பிஎல்டிசி என்று விற்கும் மின்சிக்கன ஃபேன் முழு வேகத்தில் 30 வாட்டுக்கு அக்கம்பக்கம். மிச்சம் 45 வாட். நம் ஊரில் ஃபேன் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும். இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். ஆறு ஃபேன் உள்ள கூட்டுக்குடும்ப வீட்டில் அது 240 யூனிட். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதாலும், யூனிட் கூடக்கூட விலையும் படியேறுவதாலும், குறைகிற யூனிட் எல்லாம் மேல்படியிலிருந்துதான் குறையும். ஏசியை மாற்றுவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

"வீட்ல யாருமே இல்ல, மீட்டர் ஓடுது"

மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். எங்களுடையதில் 3200. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 16 முறை மின்னினால், மணிக்கு 960. அதாவது மணிக்கு 0.3 யூனிட், அந்த நொடியில் வீடு 300 வாட் இழுக்கிறது என்று பொருள். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கி, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட, திரும்பப் பாருங்கள்.

மின்னல் நின்றுவிட்டதா? வயரிங்கில் பழுதில்லை, ஏதோ ஒரு பொருள்தான் தின்கிறது. ஒவ்வொன்றாகச் செருகி எண்ணுங்கள். எங்கள் வீட்டில் முதல் குற்றவாளி பழைய இன்வெர்ட்டர். பேட்டரி செத்துப்போய், ஏற்றியும் ஏற்றியும் நிரம்பாமல் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, கதவு ரப்பர் தளர்ந்த பிரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் குளிரும் அதே வழியில் போகிறது. மூன்றாவது மோட்டார். தொட்டிக்கு ஏறிய தண்ணீர், குழாயின் அடி வால்வு பழுதாகி, திரும்பக் கிணற்றுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை இரண்டு முறை தூக்கினால் கரண்டும் இரண்டு முறைதானே.

எல்லாம் பிடுங்கிய பிறகும் மின்னுகிறதா? மெயினை அணையுங்கள். அப்போதும் மின்னினால் கோளாறு மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில்; அதைத் தொடாமல் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மெயினை அணைத்ததும் நின்றுவிட்டால் கசிவு வீட்டு வயரிங்கில். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய வயரும் எர்த் இல்லாத பிளக்கும் உள்ள வீட்டில் இது சாதாரணம். எங்கள் பின்கட்டுக் குளியலறையில் ஈரச் சுவருக்குள் போன வயர் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சுவர் "லேசா உறுத்துது" என்று என் சித்தி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்; நாங்கள் வாதம் என்று நினைத்தோம்! 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் ஒன்றை மெயினுக்கு அடுத்து மாட்டுங்கள், நல்ல எர்த் போடுங்கள். மாட்டியதும் அது அடிக்கடி விழும். எலக்ட்ரீஷியன் "அது தொந்தரவுங்க, கழட்டிரலாம்" என்பார். அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

"சுவத்துல உப்பு பூக்குது, வீடெல்லாம் புழுக்கம்"

ஓதம் அடித்த சுவரைச் சிக்கன விஷயத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். ஈரமான சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அது விடும் ஈரம் அறைக்காற்றில் சேர்ந்தால் வேர்வை காயாது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பிசுபிசுப்பு போகாது. பிறகு ஏசியைத் தேடுவோம்.

வாசலுக்குப் போய்ப் படியை எண்ணுங்கள். எங்கள் திண்ணைக்கு மூன்று படி இருந்ததாக ஆயா சொல்கிறார். எனக்குத் தெரிந்து ஒன்றரை. தெருவைச் சுரண்டாமலேயே மேலே மேலே தார் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்தது, வீடு பள்ளத்தில் போனது. மழைத் தண்ணீர் இப்போது அஸ்திவாரத்தோடு பேசிக்கொண்டு நிற்கிறது. உள்ளே சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சும். முன்பெல்லாம் அதே வேகத்தில் வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். நாம் என்ன செய்தோம்? உப்பு பூத்த இடத்தைச் சுரண்டி சிமெண்டு பூசினோம். அது உதிர்ந்ததும் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி ஐந்தடியில் பூத்தது. இன்னும் உயரமாக டைல்ஸ் ஒட்டச் சொன்ன ஒரு காண்ட்ராக்டரும் உண்டு.

முதலில் தண்ணீரின் வழியை மாற்றுங்கள்: வாசலோரம் ஒரு கால்வாய், மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளிப் போகும் ஏற்பாடு, குளியலறைக் குழாய்க் கசிவு. பிறகு ஈரக்கறை எட்டிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை சிமெண்டையும் டைல்ஸையும் எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை அம்மணமாகவே விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த வருடம் வீட்டில் கல்யாணப் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த காரை, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது.

அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்துத் தறி வீட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தறிக்குழியை மூடும்போது இடித்த செங்கலையும் குப்பையையும் கொட்டி மேலே டைல்ஸ் போட்டிருந்தால், அந்த இடம் மட்டும் எப்போதும் சில்லென்று ஈரம் காட்டும், கொஞ்சம் இறங்கியும் இருக்கும். அங்கே தரையைப் பிரித்து, குப்பையை எடுத்து, மணலும் ஜல்லியும் இறுக்கி நிரப்பித்தான் மூட வேண்டும். பூச்சு வேலையால் தீராது.

"ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, ரூம் குளிரல"

பழைய வீட்டு அறையில் உயரம் அதிகம், வெண்டிலேட்டர் திறந்திருக்கும், இரட்டைக் கதவின் அடியில் எலி போகலாம். காற்றோட்டத்துக்காகக் கட்டிய அறையை ஐஸ்பெட்டியாக்கப் பார்க்கிறோம். எல்லா அறையிலும் ஏசி போட நினைக்காதீர்கள். வீட்டிலேயே சின்ன அறை, மேற்குச் சுவர் இல்லாதது, முடிந்தால் மேலே இன்னொரு தளம் உள்ளது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒன்றை மட்டும் அடையுங்கள்: வெண்டிலேட்டருக்குக் கண்ணாடிக் கதவு, கதவடிக்குப் பிரஷ் பட்டை, ஜன்னல் சட்டத்து இடுக்குக்கு ஆசாரியைக் கொண்டு மரச்சில்லு. ஊதுபத்தியை இடுக்கோரம் பிடித்தால் கசிவு தெரியும். மற்ற அறைகள் திறந்தபடியே இருக்கட்டும்.

தேக்கு ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்லைடிங் எப்படித் திறந்தாலும் பாதி வழிதான் கிடைக்கும். பழைய ஜன்னல் முழுக்கத் திறக்கும், மேல்பாதி கீழ்பாதி தனித்தனியாகவும் திறக்கும். வெயில் விழும் ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான்.

எந்தச் சுவருக்குத் தட்டி? மேற்குச் சுவருக்குக் கட்டாயம். அதற்கு மட்டும் தாத்தாவும் நிழல் வைக்கவில்லை. வடக்கில் வெயிலே விழாது என்று சொல்வார்கள், சேலத்தில் அது பாதி பொய். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 22 வாக்கில் திரும்பும் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயில் முழுவதும் அதற்குள் அடக்கம். வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சின்ன வெயில்மறைப்பு வையுங்கள்.

ஏசியை 26-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் கரண்ட் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் முத்திரை தரும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் போட்டதும் 24-ல்தான் தொடங்கும்படி விதி. அதை 18-க்கு இறக்குகிறவர் யார் என்று எல்லா வீட்டிலும் தெரியும்.

ஏர் கூலர் பற்றிக் கேட்பவர்களுக்கு: மாசியிலிருந்து வைகாசி வரை நம் ஊர்க் காற்று காய்ந்திருக்கும், கூலர் நன்றாக வேலை செய்யும். எதிர் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும். மூடிய அறையில் அரை மணி நேரத்தில் ஆவி பிடிப்பது போலாகிவிடும். ஐப்பசியில் அது வெறும் தண்ணீர்த் தொட்டி.

"ஓட்டு வீட்ல மதியம் உட்கார முடியல"

நாட்டு ஓடோ சீமை ஓடோ, ஓடு தப்பு செய்வதில்லை. சீமை ஓடு என்பது 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபை மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது. மேற்குக் கரையிலிருந்து நம் பக்கமெல்லாம் பரவியது. ஓட்டு இடுக்கு வழியே சூடு தானாகப் போகும், ராத்திரி சீக்கிரம் குளிரும். பகலில்தான் தலைமேல் அனல் இறங்கும். அதற்கு வழி, கைமரத்துக்கு அடியில் ஒரு தடுப்பு, ஓட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே காற்று போக இடம். பளபளப்பான வெப்பத்தடுப்பு ஷீட்டை ரீப்பருக்கும் ஓட்டுக்கும் நடுவே இறுக்காமல், நாலு அங்குலம் கீழே தள்ளிக் கட்ட வேண்டும். கீழ் ஓரமும் முகட்டு ஓரமும் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்த ஃபால்ஸ் சீலிங் போட்டால், சூடு அங்கேயே தேங்கும், கூடவே மரநாய் குடித்தனம் வரும். வந்தது. மூன்று குட்டிகளோடு.

பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும் இருட்டு அறைக்கு ஒரு கண்ணாடி ஓடு போதும். கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள்.

"சோலார் போட்டா எல்லாம் சரியாயிடுமா?"

மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் போட்டால் ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்தது போல.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுரடி வேண்டும். அதிலிருந்து ஒரு நாளுக்கு நாலு யூனிட் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மானியம் எல்லாருக்கும் நினைவிருக்கும், விட்டத்தை மறந்துவிடுவார்கள். பேனலின் எடையைவிட, ஆடிக்காற்று அதைத் தூக்கப் பார்க்கும் இழுவை பெரியது. அதற்காகச் சுண்ணாம்புத் தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கினால், ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல். எங்கள் வீட்டில் பின்னால் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் குளியலறையும் சாமான் அறையும் இருந்தன. பேனலை அதன் மேல் வைத்தோம். அப்படி இடமில்லாவிட்டால், எதிரெதிர்ச் சுவர்களின் மேல் இரும்பு உத்தரம் போட்டு, தளத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். அந்த நிழல் மாடியையும் குளிர வைக்கும்.

ஐந்து பங்காளிகள் உள்ள வீட்டில் மாடிச் செலவு யாருடையது, மின்சார மிச்சம் யாருடையது என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பேனல் ஒப்பந்தத்தைவிட அதுதான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது.

"ஏற்காட்டுல இருக்கிற வீட்டுக்கும் இதே வழியா?"

இல்லை. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், நம் ஊரைவிட எட்டு டிகிரி வரை குறைவு. அங்கே எதிரி மூடுபனியும் பாசியும். மாடியை வெள்ளையடிப்பது, முற்றத்தில் வலை போடுவது எதுவும் வேண்டாம். மரத்தடியில் இருந்தால் ஓட்டுப் பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, பகலில் வெயில் வரும் தெற்கு, கிழக்கு ஜன்னலை மறைக்காமல் விடுவது, சாயங்காலம் பனி இறங்கும் முன் மூடுவது, இவ்வளவுதான் அடிப்படை. சுண்ணாம்புப் பூச்சு விஷயம் மட்டும் இங்கேயும் அங்கேயும் ஒன்றே.

மின்சாரம் அங்கே போவது கீசரில். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் பிடிக்கும். 2 கிலோவாட் கீசருக்கு அது பதினாறு, பதினேழு நிமிட வேலை. என் மாமா வீட்டில் காலை ஐந்து மணிக்குப் போட்டால் பத்து மணிக்குத்தான் அணைப்பார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சுடுதண்ணீர் வேண்டுமே என்று. இருபது நிமிடத்தில் தானாக அணையும் டைமர் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அதற்கு மேல் "குளிச்சுட்டு மறுபடி அமுக்கவும்" என்று அத்தை சாக்பீஸால் எழுதியிருந்தார்.